காவலர்கள் எந்தப் பக்கம்? (ஸ்பானிய உள்நாட்டுப் போர்: அத்தியாயம் 6)

சென்ற அத்தியாயம் 1936 ஜூலை 17 மாலை, ஆப்பிரிக்கக் கரையில் ஸ்பெயின் வசமிருந்த மெலியா நகரில் ராணுவக் கலகம் வெடித்ததோடு நின்றது. அடுத்த மூன்று நாட்களில் அது கடலைத் தாண்டி ஸ்பெயின் முழுவதும் பரவியது. ஜூலை 20 இரவுக்குள் நாடு இரண்டாகப் பிளந்துவிட்டது. அந்த மூன்று நாட்களைப் பற்றி இரண்டு கதைகள் நிலைத்திருக்கின்றன. கடவுளையும் தாய்நாட்டையும் காக்க ராணுவம் ஒரே மூச்சில் எழுந்தது என்பது வென்றவர்கள் சொன்ன கதை. ராணுவம் மக்கள் மேல் பாய்ந்தது, மக்கள் வெறுங்கையோடு அதை மடக்கினார்கள் என்பது தோற்றவர்கள் சொன்ன கதை. ஒன்றுக்கொன்று எதிரான இந்தக் கதைகள் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகின்றன. இரண்டிலும் ராணுவம் முழுதாக ஒரு பக்கம் நிற்கிறது, மக்கள் முழுதாக மறுபக்கம் நிற்கிறார்கள். நகரம் நகரமாக நடந்ததை எடுத்து வைத்துப் பார்த்தால் இரண்டுமே பொருந்தவில்லை. சண்டை நடந்த பெருநகரங்களில் முடிவைத் தீர்மானித்த கை பெரும்பாலும் மூன்றாவது ஒரு தரப்பினுடையது. அது காவல் படைகளின் கை. அவர்கள் எந்தப் பக்கம் திரும்பினார்களோ அந்தப் பக்கம் நகரமும் திரும்பியது. இந்த அத்தியாயத்தில் நான் நிறுவ முயல்வது இதைத்தான்.

முதலில் ராணுவத்தைப் பார்ப்போம். ஸ்பெயினின் தீபகற்பப் பகுதியில் எட்டுப் படைப்பிரிவுகள் இருந்தன. அவற்றின் எட்டுத் தளபதிகளில் கலகத்தில் சேர்ந்தவர் ஒரே ஒருவர், சரகோசாவின் ஜெனரல் கபனேயாஸ். மற்ற இடங்களில் கலகக்காரர்களின் முதல் வேலை தங்கள் மேலதிகாரியைக் கைது செய்வதாகவே இருந்தது. புர்கோஸில் ஜெனரல் பதெத் தம் அலுவலகத்திலேயே சிறைப்பட்டார், 1937இல் சுட்டுக் கொல்லப்பட்டார். லா கொருஞாவில் ஜெனரல் சல்செதோவுக்கும் ஜெனரல் கரிதாத் பீத்தாவுக்கும் அதே முடிவு. மெலியாவின் ஜெனரல் ரொமெராலெஸும் தப்பவில்லை. விமானப் படையின் தலைவர் நூஞெஸ் தெ பிராதோ, பேசிச் சமாளிக்கலாம் என்று நம்பி சரகோசாவுக்குப் பறந்தார். அங்கே பிடிபட்டார், பிறகு கொல்லப்பட்டார். கலகத்தைத் திட்டமிட்ட ஜெனரல் மோலா, முதல் நொடியிலிருந்தே நடவடிக்கை மிகக் கடுமையாக இருக்க வேண்டும் என்று ஏப்ரல் மாதமே ரகசிய உத்தரவுகளில் எழுதியிருந்தார். ராணுவம் தன்னோடு ஒட்டுமொத்தமாக வராது என்று அறிந்த மனிதரின் உத்தரவு அது. அந்தக் கடுமை முதலில் விழுந்தது சக அதிகாரிகளின் மேல். சாதாரணச் சிப்பாய்களோ கட்டாயச் சேவைக்கு வந்த இளைஞர்கள். பலர் கோடை விடுப்பில் ஊருக்குப் போயிருந்தார்கள். எஞ்சியவர்களில் பலரிடம், குடியரசைக் காக்கவே தெருவில் இறங்குகிறோம் என்று சொல்லி அழைத்துப்போனார்கள். உண்மை தெரிந்த இடங்களில் அவர்கள் துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடினார்கள். இப்படிப்பட்ட படையை நம்பி, தொழிற்சங்கங்கள் ஊறிய பெருநகரம் ஒன்றை யாரும் பிடித்துவிட முடியாது. முகாமிலிருந்து வெளியே வரும் சிப்பாய்க்குத் தெருவைத் தெரிந்த, பயிற்சி பெற்ற, சுடத் தயங்காத துணை தேவைப்பட்டது.

அந்தத் துணையாக இருக்கக்கூடியவர்கள் மூன்று வகை. 1844இல் உருவான குவார்தியா சிவில் முதலாவது. சுமார் 34 ஆயிரம் பேர். பளபளக்கும் கறுப்புத் தொப்பியோடு கிராமச் சாலைகளில் இருவர் இருவராக ரோந்து போகிறவர்கள். சொந்த மாகாணத்தில் பணியமர்த்த மாட்டார்கள், குடும்பத்தோடு காவல் குடியிருப்பிலேயே வாழ வேண்டும். நிலமற்ற கூலிக்காரர்கள் இவர்களை நில உடைமையாளர்களின் ஆட்களாகவே பார்த்தார்கள். 1931 கடைசியில் காஸ்தில்பிளாங்கோ என்ற ஊரில் இவர்களில் நால்வரைக் கிராமத்தார் அடித்தே கொன்றது அந்த வெறுப்பின் ஆழத்தைக் காட்டும். இரண்டாவது, குடியரசு 1931இல் தானே உருவாக்கிய அசால்தோ படை. நகரக் கலவரங்களை அடக்க ஏற்பட்ட இது சுமார் 17 ஆயிரம் பேர் கொண்டது. குடியரசின் சொந்தப் பிள்ளை என்பதால் விசுவாசம் அதிகம். ஆனாலும் 1933இல் காசாஸ் வியேஹாஸ் கிராமத்தில் ஏழை உழவர்களைச் சுட்டுக் கொன்றதும் இதே படைதான். மூன்றாவது, சுங்கத்தையும் எல்லையையும் காக்கும் கரபினேரோக்கள், சுமார் 15 ஆயிரம். மூன்றையும் கூட்டினால் 65 ஆயிரத்துக்கும் மேல். இவர்கள் கட்டாயச் சேவைக்கு இழுத்து வரப்பட்டவர்கள் இல்லை. இதையே தொழிலாகக் கொண்டவர்கள், ஆயுதம் பழகியவர்கள். ஜூலை 18 அன்று நாட்டிலேயே அதிகம் பயன்படக்கூடிய படை இவர்கள்தான் என்று சொன்னால் அது மிகையாகாது.

இனி நகரங்களுக்கு வருவோம். செவில் நகரம் தொழிற்சங்கங்களின் கோட்டை. ஜூலை 18 பிற்பகல் ஜெனரல் கெய்போ தெ யானோ அங்கே தளபதி வில்லா அப்ரிலேயைக் கைது செய்து பொறுப்பை எடுத்துக்கொண்டார். விரல்விட்டு எண்ணக்கூடிய சிப்பாய்களைக் கொண்டே நகரத்தைப் பிடித்தேன் என்று பின்னாளில் வானொலியில் பெருமையடித்தார். அது புனைவு. நகரில் ஆயிரக்கணக்கான துருப்புகள் இருந்தன, அவற்றில் பெரும்பகுதியை அவர் பயன்படுத்தினார் என்று வரலாற்றாசிரியர்கள் காட்டிவிட்டார்கள். அன்று அவரை எதிர்த்து நின்றது அசால்தோ படை. பீரங்கி கொண்டுவந்து சுட்ட பிறகே ஆளுநர் மாளிகை பணிந்தது. குவார்தியா சிவில் கெய்போவின் பக்கம் சேர்ந்ததும் நகர மையம் அவர் கையில். த்ரியானா, மக்கரேனா போன்ற உழைப்பாளர் பகுதிகள் மேலும் சில நாள் தாக்குப்பிடித்தன. ஆனால் அங்கிருந்தவர்களிடம் துப்பாக்கிகள் மிகக் குறைவு, பயிற்சி அதைவிடக் குறைவு. சரகோசா இன்னும் கசப்பான கதை. அராஜகவாதிகளின் பெரும் சங்கமான சி.என்.டி. அந்த ஆண்டு மே மாதம்தான் தன் மாநாட்டை அங்கே நடத்தியிருந்தது. கபனேயாஸ் தம்மைக் குடியரசுவாதி என்று சொல்லிக்கொண்டவர். சங்கத் தலைவர்கள் ஆளுநரின் பேச்சை நம்பிக் காத்திருந்தார்கள். ஜூலை 18 இரவு காவலர்களும் சிப்பாய்களும் சேர்ந்து தெருக்களைப் பிடித்தபோது, நகரத்தின் தொழிலாளர்கள் கையில் வேலைநிறுத்தம் என்ற ஆயுதம் மட்டுமே மிஞ்சியிருந்தது. வேலைநிறுத்தம் பல நாள் நீடித்தது, பயனில்லை. ஓவியேதோவில் கர்னல் அரான்டா விசுவாசம் நடித்தார். தலைநகர் மாட்ரிட்டைக் காக்கப் புறப்படுங்கள் என்று சுரங்கத் தொழிலாளர்களை ரயிலேற்றி அனுப்பினார். அதே நேரம் மாகாணம் முழுவதிலும் சிதறிக் கிடந்த குவார்தியா சிவில் காவலர்களை நகருக்குள் வரவழைத்தார். எல்லாம் கூடிய பிறகு ஜூலை 19 அன்று முகமூடியைக் கழற்றினார். 1934 எழுச்சியில் நாட்டையே நடுங்க வைத்த சுரங்கத் தொழிலாளர்கள் தங்கள் மாகாணத்தின் தலைநகரை இப்படித்தான் இழந்தார்கள்.

பார்சிலோனாவில் நடந்தது இதற்கு நேர்மாறு. கத்தலான் அரசின் தலைவர் கொம்பானிஸும் அவருடைய காவல் ஆணையர் எஸ்கோபெத்தும் கலகத் திட்டத்தை முன்கூட்டியே அறிந்து அசால்தோ படையை முக்கியச் சந்திகளில் நிறுத்தியிருந்தார்கள். ஜூலை 19 விடியலில் சிப்பாய்கள் முகாம்களை விட்டுக் கிளம்பியபோது ஆலைச் சங்குகள் ஊதின. சி.என்.டி. தொண்டர்களும் அசால்தோ காவலர்களும் தோளோடு தோள் நின்று சுட்டார்கள். பல முகாம்களிலிருந்து வந்த படைகள் நகர மையத்தில் ஒன்றுசேர முடியாமல் துண்டுபட்டன. குவார்தியா சிவிலின் தளபதி ஜெனரல் அரங்குரென் காலையிலிருந்தே சட்டப்படியான அரசின் பக்கம் நின்றார். பிற்பகலில் கர்னல் எஸ்கோபார் தம் காவலர் வரிசையை நடத்திக்கொண்டு வந்தார். காவல் தலைமையகத்தின் மாடத்தில் நின்ற கொம்பானிஸுக்கு வணக்கம் வைத்து, உத்தரவுக்குக் காத்திருப்பதாக அறிவித்தார். பிறகு கத்தலூனியா சதுக்கத்தில் பதுங்கியிருந்த கலகப் படையை அவர்கள் முடித்துவைத்தார்கள். எஸ்கோபார் ஆழ்ந்த கத்தோலிக்கர், பழைமைவாதி. அன்று அவர் பக்கத்தில் நின்று சுட்டவர்களில் பலர் தேவாலயங்களை எரிக்கக்கூடியவர்கள். அதை அறிந்தும் அவர் சத்தியத்தைக் காத்தார். மல்லோர்காவிலிருந்து கடல் விமானத்தில் வந்து கலகத்துக்குத் தலைமை ஏற்ற ஜெனரல் கோதெத் மாலையில் பிடிபட்டார், தாம் கைதி என்று வானொலியில் அறிவித்தார். மறுநாள் அத்தராசானாஸ் முகாம் விழுந்தது. அதைத் தாக்கியபோது அராஜகத் தலைவர் அஸ்காசோ இறந்தார். மாட்ரிட்டில் ஜெனரல் ஃபன்ஹூல் மோந்தாஞா முகாமுக்குள் புகுந்து அங்கேயே அடைந்து கிடந்தார். ஜூலை 20 அன்று மக்கள் கூட்டம் வெளியே சூழ்ந்தது, பீரங்கியும் விமானமும் தாக்கின, காவல் படையினரும் தாக்குதலில் இறங்கினார்கள். முகாம் விழுந்த பிறகு உள்ளே இருந்தவர்களில் பலர் கொல்லப்பட்டார்கள், குடியரசின் பக்கம் படிந்த முதல் பெரிய கறைகளில் அது ஒன்று. மலகாவில் ஜூலை 18 அன்றே தெருவுக்கு வந்த சிப்பாய்களை அசால்தோ படை எதிர்கொண்டது. தளபதி தயங்கினார், படை முகாமுக்குத் திரும்பியது, கலகம் அங்கேயே கரைந்தது.

காவலர்கள் ஒரு நகரத்தில் இப்படியும் இன்னொன்றில் அப்படியும் திரும்பியது ஏன்? எல்லோரும் கொள்கைப்பிடிப்பால் முடிவெடுத்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. குவார்தியா சிவிலுக்கு இரண்டு எஜமானர்கள். ஒழுங்குமுறையில் அது ராணுவச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது, அன்றாடப் பணியில் உள்துறைக்கு. கலகத் தளபதிகள் இந்தப் பிளவை நன்றாக அறிந்திருந்தார்கள். அதனால்தான் ஒவ்வொரு நகரிலும் அவர்கள் முதல் காரியமாகப் போர்நிலைப் பிரகடனத்தைத் தெருவில் வாசித்தார்கள். போர்நிலை அறிவிக்கப்பட்டால் காவல் ராணுவத்தின் கீழ் வரும். 1934இல் சட்டப்படியான அரசே அப்படி அறிவித்துப் பழக்கியிருந்தது. ஊசலாடிய ஒரு காவல் அதிகாரிக்கு அந்தக் காகிதம் மனச்சாட்சியை ஆற்றும் மருந்தானது. அதை முறிக்க வேண்டுமானால் அதே வேகத்தில், அதைவிட உரத்த குரலில் எதிர் உத்தரவு வந்திருக்க வேண்டும். மாட்ரிட்டிலிருந்து அது வரவில்லை. பிரதமர் கசாரெஸ் கிரோகா கலகம் மொராக்கோவோடு முடிந்துவிடும் என்று நம்பினார், தொழிலாளர்களுக்கு ஆயுதம் தர மறுத்தார், ஜூலை 18 இரவு விலகினார். அவருக்குப் பின் மார்தினெஸ் பாரியோ ஓர் அமைச்சரவையை அமைத்து மோலாவைத் தொலைபேசியில் அழைத்துச் சமரசம் பேசினார். மோலா மறுத்துவிட்டார். சில மணி நேரமே நீடித்த அந்த அமைச்சரவை போய், ஜூலை 19 அன்று ஹோசே ஹிரால் வந்த பிறகுதான் தொழிலாளர்களுக்கு ஆயுதம் வழங்கும் முடிவு எடுக்கப்பட்டது. அதற்குள் செவில் போயிருந்தது, சரகோசா போயிருந்தது. மாகாண ஆளுநர்கள் தந்தியையும் தொலைபேசியையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தாமாக உறுதி காட்டிய அதிகாரம் எங்கே இருந்ததோ, பார்சிலோனாவைப் போல, அங்கே காவலர்கள் அதன் பின்னால் நின்றார்கள். அதிகாரம் தயங்கிய இடத்தில் காவலர்கள் வலுத்த பக்கம் சாய்ந்தார்கள்.

இங்கே எழக்கூடிய முதல் ஆட்சேபத்தை நான் எளிதாகத் தள்ளிவிடப் போவதில்லை. பார்சிலோனாவில் எஸ்கோபாரின் காவலர்கள் வந்தது பிற்பகலில். அதற்குள் தொழிலாளர்கள் கலகப் படையின் முதுகெலும்பை உடைத்துவிட்டார்கள், காவலர்கள் வென்ற பக்கத்தோடு சேர்ந்துகொண்டார்கள் என்று அராஜகவாதிகள் சொன்னார்கள். இதில் உண்மை உண்டு. அசைக்க முடியாத கூட்டம் ஒன்று தெருவில் இருக்கிறது என்று கண்ட பிறகே பல காவல் அதிகாரிகள் முடிவெடுத்தார்கள். தொழிலாளர்கள் இல்லாமல் பார்சிலோனா தப்பியிருக்காது. ஆனால் தொழிலாளர்கள் மட்டும் போதும் என்பது இந்த வாதத்தின் மறுபாதி, அது நிற்காது. விடியலில் முதல் சந்திகளைத் தடுத்தவர்களில் அசால்தோ காவலர்கள் இருந்தார்கள். சரகோசாவில் அதே சி.என்.டி.யின் ஆயிரமாயிரம் பேர் இருந்தார்கள், காவல் மறுபக்கம் நின்றது, நகரம் போனது. செவிலில் வீரத்துக்குக் குறைவில்லை, நகரம் போனது. வீரத்தை அளவுகோலாக வைத்தால் இந்த நகரங்களுக்கிடையே வேறுபாடே தெரியாது. அல்பாசெத்தேவில் குவார்தியா சிவிலே முன்னின்று நகரைக் கலகத்துக்குப் பிடித்துக் கொடுத்தது. ஜூலை 25 அன்று வெளியிலிருந்து படை வந்துதான் அதை மீட்க முடிந்தது. தொலேதோவின் அல்காசர் கோட்டையில் கர்னல் மொஸ்கார்தோவின் கீழ் செப்டம்பர் இறுதி வரை முற்றுகையைத் தாங்கியவர்களைப் பற்றி, ராணுவ மாணவர்களின் தீரம் என்று காவியம் பாடப்பட்டது. உள்ளே துப்பாக்கி ஏந்தியவர்களில் மிகப் பெரிய பகுதி குவார்தியா சிவில் காவலர்கள்.

இரண்டாவது ஆட்சேபம் தேர்தல் வரைபடத்தைக் காட்டும். வலதுசாரிக் கத்தோலிக்க மாகாணங்கள் கலகத்தோடும் இடதுசாரி மாகாணங்கள் குடியரசோடும் போயின, பிளவு முன்னமே இருந்தது, ஜூலை அதை வெளியே கொண்டுவந்தது, அவ்வளவுதான் என்று சொல்வார்கள். நவார்ராவைப் பொறுத்தவரை இது முழு உண்மை. பாம்ப்லோனாவில் சிவப்புத் தொப்பி அணிந்த முடியாட்சிவாதிகளான கார்லிஸ்டுகள் திருவிழாவுக்குப் போவதுபோல் அணிதிரண்டார்கள். பழைய காஸ்தீலின் பல ஊர்களிலும் அப்படியே. ஆனால் பிப்ரவரி 1936 தேர்தலில் இடதுசாரிக் கூட்டணியான மக்கள் முன்னணியை ஆதரித்த செவில், காதிஸ், கோர்தோபா, லா கொருஞா ஆகியவை சில நாட்களில் கலகக்காரர் வசமாயின. வலதுசாரிகளுக்கு வாக்களித்த சந்தாந்தேர், குயென்கா மாகாணங்கள் குடியரசில் தங்கின. வாக்குகள் பிரிந்தது ஒருவிதம், நாடு பிரிந்தது வேறுவிதம். இரண்டு ஸ்பெயின்கள் ஆதியிலிருந்தே மோதக் காத்திருந்தன என்ற எண்ணத்தை நான் ஏற்க மறுப்பது இதனால்தான். அந்த எண்ணம் கொலைகாரனுக்கும் கொல்லப்பட்டவனுக்கும் ஒரே விதியை எழுதி, முடிவெடுத்த மனிதர்களைப் பொறுப்பிலிருந்து விடுவித்துவிடுகிறது. பதெத்துக்கு வேறு வழி இருந்தது, அவர் அதை ஏற்கவில்லை. அரான்டாவுக்கும் வேறு வழி இருந்தது.

மூன்றாவது ஆட்சேபம் கனமானது. போரை முடிவு செய்தது மொராக்கோவிலிருந்த ஆப்பிரிக்கப் படை. அந்நிய லெஜியனும் மொராக்கோ ரெகுலாரெஸும் கொண்ட அந்தப் படையின் முன்னால் காவலர்கள் எம்மாத்திரம் என்பார்கள். போரின் போக்கைப் பொறுத்தவரை இது சரி. ஆனால் ஜூலை 19 அன்று மொராக்கோவின் தெத்துவானில் வந்திறங்கிய கலகத் தளபதி ஜெனரல் பிராங்கோவிடம் அந்தப் படை இருந்தும், அதைக் கடல் தாண்டிக் கொண்டுபோக வழி இல்லை. கப்பல் மாலுமிகள் கலகம் செய்ய முயன்ற தங்கள் அதிகாரிகளைப் பிடித்துப் போட்டுவிட்டார்கள், ஜலசந்தி குடியரசின் கப்பல்கள் வசம். காதிஸில் முதல் நாட்களில் இறங்கிய ரெகுலாரெஸ் ஒரு சிறு பிரிவு மட்டுமே. மிஞ்சியது வான்வழி. ஜூலை 25 இரவு ஹிட்லர் பைரொய்த்தில் உதவ முடிவெடுத்தார், 20 யுங்கர்ஸ் 52 விமானங்களை அனுப்பினார். முசோலினி அனுப்பிய 12 குண்டுவீச்சு விமானங்களில் ஒன்பது ஜூலை 30 அன்று வந்து சேர்ந்தன. அந்த யுங்கர்ஸ் விமானங்கள் சிப்பாய்களை ஏற்றிக்கொண்டு எங்கே இறங்கின? முதலில் செவிலின் தப்லாதா தளத்தில். செவில் ஜூலை 18 அன்று மலகாவின் வழியில் போயிருந்தால் ஆப்பிரிக்கப் படை தெற்கே கால் ஊன்ற ஒரு பெருநகரத்தைத் தேட வேண்டியிருந்திருக்கும். ஆக, பெரிய படையின் கதையும் அந்தப் பிற்பகலில் ஆளுநர் மாளிகை வாசலில் நடந்த சண்டைக்கே நம்மைத் திருப்பிக் கொண்டுவருகிறது.

காவல் படைகளின் எடை என்னவென்று இரு தரப்பும் போர்க்காலத்திலேயே அறிந்திருந்தன. குடியரசின் பக்கத்தில் நம்பிக்கை கெட்டது. ஜூலை இறுதியில் வலென்சியா வட்டாரத்திலிருந்து தெருவேல் நகரைப் பிடிக்க அனுப்பிய வரிசையில் இருந்த குவார்தியா சிவில் காவலர்கள், புவெப்லா தெ வல்வெர்தே என்ற ஊரில் துப்பாக்கியைத் திருப்பி, உடன் வந்த தொண்டர்களையே சுட்டுக் கொன்றார்கள். ஆகஸ்ட் இறுதியில் அரசு அந்தப் படையின் பெயரையே மாற்றி, ஆட்களைச் சலித்தது. விசுவாசமாக நின்றவர்களும் சந்தேகத்தில் சிக்கினார்கள். தெருக்களில் சட்டத்தின் கை தளர்ந்து, யார் வேண்டுமானாலும் யாரையும் கொண்டுபோய்ச் சுடக்கூடிய வாரங்கள் வந்தன. கலகத்தின் பக்கத்தில் தீர்ப்பு தாமதமாக வந்தது, ஆனால் மறக்கப்படவில்லை. அரங்குரென் 1939இல் பார்சிலோனாவில் சுடப்பட்டார். எஸ்கோபார் 1940இல் மோன்ஜுயிக் கோட்டையில் சுடப்பட்டார். இருவர் மேலும் வைக்கப்பட்ட குற்றச்சாட்டு ராணுவக் கலகம். பெரும்பாலும் குடியரசோடு நின்ற கரபினேரோ படை 1940இல் ஒரு தனிப்படையாக இருப்பதே முடிந்து, குவார்தியா சிவிலுக்குள் கரைக்கப்பட்டது. ஜூலை 1936இல் தங்களை யார் தடுத்தார்கள் என்பதில் வென்றவர்களுக்குக் குழப்பம் இருக்கவில்லை.

1936 ஆகஸ்ட் தொடக்கத்தில் ஆப்பிரிக்கப் படையின் முதல் வரிசை லாரிகளில் ஏறி செவிலிலிருந்து வடக்கே எஸ்த்ரமதுரா சாலையில் கிளம்பியது. ஆகஸ்ட் 14க்குள் அது பதஹோஸ் மதிலை எட்டிவிடும். வழியில் இருந்த கிராமங்களில் நிலம் கேட்ட கூலிக்காரர்கள் வேட்டைத் துப்பாக்கிகளோடு காத்திருந்தார்கள். அவர்களுக்கு உதவ அங்கே காவல் படை எதுவும் மிஞ்சியிருக்கவில்லை.

(தொடரும்)